ரோஜாக் கூரைக்குக் கீழே ஓர் ஆமைக்குஞ்சு

நாயை எப்படிப் பிடிப்பது, ஊசியில் மருந்தை எப்படி ஏற்றுவது, எந்தக் குப்பியை எந்தத் தட்டில் வைப்பது என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. அதை டாக்டர் சொல்லித் தருவார். முதல் தடவை சொல்வார், அடுத்த தடவை முறைப்பார், அதற்குப் பிறகு நீங்களே கற்றுக்கொண்டுவிடுவீர்கள். நானும் அப்படித்தான் கற்றேன்.

நான் வேலையிலிருந்து நின்றபோது, "புதுசா வந்திருக்கறவங்களுக்கு உபயோகமா ஏதாச்சும் எழுதிக் குடுங்க வசந்தா" என்று டாக்டர் சொன்னார். எட்டாவதோடு நின்றவள் நான். எழுதிக் கொடு என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. அன்றிலிருந்து அதுவே ஒரு கவலையாகிவிட்டது.

கவலைப்படுவது எனக்குப் புதிதில்லை. ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்து, கேஸை அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்து, மறுபடி பஸ் ஸ்டாப்புக்கு வந்து, இப்போது பூட்டினோமா என்று திரும்பிப் போகிற ஆள் நான். என் வீட்டுக்காரர் கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்தவர். "உன்ன மாதிரி நாலு பேர வேலைக்கு வெச்சா எங்க பிளான்ட்ல ஆக்சிடென்டே நடக்காது. புரொடக்‌ஷனும் நடக்காது" என்பார்.

இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு மிருக ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் எப்படிக் குப்பை கொட்டினேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது. அதற்குப் பதிலாக ஓர் ஆமைக்குஞ்சைப் பற்றிச் சொல்கிறேன்.

அது தை மாதக் குளிர். மாரியப்பன் என்று ஒருவர் ரோஜா அடுக்கும் அட்டைப்பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். தளிக்குப் போகிற வழியில் உள்ள ஒரு ரோஜாத் தோட்டத்தில் சூப்பர்வைசர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெண்சாதியோடும், பத்தாவது படிக்கும் மகளோடும் தோட்டத்துக்குள்ளேயே கொடுத்திருந்த வீட்டில் இருந்தார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது பெட்டி மட்டும்தான்.

திறந்தேன். ஈரமான தேங்காய் நார்த்தூளுக்கு நடுவில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் ஓர் ஆமைக்குஞ்சு. பெட்டியை மூடிவிட்டேன். நம் மலைப்பக்கத்துப் புதர்களில் நட்சத்திரக் கோலம் போட்ட ஆமை உண்டு. அதை வீட்டில் வைத்திருந்தால் ஜெயில். வனத்துறை ஜீப் வருவதும், என்னையும் சேர்த்து ஏற்றுவதும், ஜீப்பில் யார் பக்கத்தில் உட்காருவேன் என்பதும் வரை எனக்குத் தெரிந்துவிட்டது.

"பயப்படாதியக்கா, இவரு வெளிநாட்டுக்காரரு" என்றார் மாரியப்பன். "ஆப்பிரிக்கா. மேடம் பேர்ல பதிஞ்சு பேப்பரெல்லாம் இருக்கு."

ஆமையை அவர் 'இவரு' என்றுதான் சொன்னார். கடைசிவரை அப்படியேதான். மேடம் என்பது தோட்டத்து முதலாளியம்மா, ஆமை அவருடையது. அதன் பெயர் லட்டு. ஆனால் முதலாளி வீட்டு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

மேடத்துக்கு வீடு பெங்களூரில். வேலையாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர். குட்டி ஆமைக்குக் கதகதப்பும் ஈரக்காற்றும் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ரோஜா வளர்க்கிற நம் பாலிஹவுஸில்தானே இருக்கிறது என்று யோசித்து, ஆமையைக் கொண்டுவந்து மாரியப்பனிடம் விட்டுவிட்டார். தினம் ஒரு போட்டோ வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

"ஓடு மெத்துன்னு இருக்கு சார்" என்றார் மாரியப்பன் டாக்டரிடம். "ரெண்டு நாளா இவரு சரியா சாப்பிடவும் இல்ல."

டாக்டர் எடை போட்டார். ஓட்டின் ஓரத்தை லேசாகத் தொட்டுப் பார்த்தார். குஞ்சு ஆமைக்கு ஓடு கொஞ்சம் வளைந்துதான் கொடுக்கும், அதனாலேயே பயந்துவிடக் கூடாது, அதனாலேயே சும்மா இருந்துவிடவும் கூடாது என்றார். இது எனக்கு உதவாத பேச்சு. பயப்பட வேண்டுமா வேண்டாமா என்று யாராவது தீர்த்துச் சொன்னால்தான் எனக்குச் சௌகரியம்.

"என்ன குடுக்கறீங்க?"

"கீரை, புல்லு, செம்பருத்தி எல சார். மருந்தடிச்ச எலை எதுவும் குடுக்கறதில்ல."

"வெயில் படுதா?"

"நாள் பூரா வெயில்லதான் சார் இருக்காரு."

"ராத்திரி குளிர்ல?"

"பாலிஹவுஸ் சார். எல்லாப் பக்கமும் மூடியிருக்கும். நமக்கே வேர்க்கும்."

டாக்டருக்குக் குறை எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் கால்சியப் பொடி கொடுத்தார். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை நனையாத ஆழத்தில், கொஞ்ச நேரம் விடச் சொன்னார். அடிக்கடி அழுத்திப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார். "கல்யாணத்துக்கு மாம்பழம் வாங்கற மாதிரி ஆளாளுக்கு அமுக்காதீங்க." மாரியப்பன் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரக் கடைசியில் திரும்பி வந்தார். ஓடு போன தடவையைவிட மோசம். பின்பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பின்னங்காலை ஊன்றாமல் இழுத்தது. வாயருகே வைத்த செம்பருத்தி இலையை அது பார்த்தது. அவ்வளவுதான்.

டாக்டர் ஊசி போட்டார். பிறகு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் அப்படி நின்றால் நான் மூச்சு விடுவதைக் குறைத்துக்கொள்வேன்.

"கால்சியம் உள்ள போகுது. அத எடுத்து எலும்புல, ஓட்டுல சேக்கற வேலையச் செய்யறது வெயில். வெயில் படுதுங்கறாரு. அப்ப ஏன் சேரல?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குப் பதில் தெரியவில்லையே என்று கஷ்டமாக இருந்தது. "இப்படியே போனா தாங்காது" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

மாரியப்பன் வெளியே டீக்கடைப் பக்கம் போய் நின்றார். எனக்கும் ஒரு டீ சொன்னார். நம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் மருந்துச் சீட்டை டாக்டரிடம் வாங்குவார்கள், உண்மையை டீக்கடையில் வந்து சொல்வார்கள். நீங்கள் டீ குடிக்காதவர்களாக இருந்தாலும் கூப்பிட்டால் போங்கள்.

"ஞாயித்துக்கெழம மேடம் வாராவ" என்றார்.

"சொல்லிட்டீங்களா?"

"என்னத்தச் சொல்ல? நல்லாருக்காருன்னு நெனச்சிட்டிருக்காவ. போட்டோல ஓடு பளபளன்னு இருக்கும்."

"எப்படிப் பளபளன்னு இருக்கும்?"

அவர் டீயைப் பார்த்தார். "தேங்கா எண்ணெ லேசா தடவுவேன். மொத நாள் சும்மாதான் தடவினேன். மேடம் ஹார்ட் போட்டாவ. அப்புறம் நிப்பாட்ட முடியல."

ஒரு வேலையாள் தினமும் ஒரு ஹார்ட்டுக்காக எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான், அந்தப் பளபளப்புக்கு உள்ளே ஓடு இளகிக்கொண்டிருக்கிறது. போட்டோ காட்டி வைத்தியம் கேட்கிறவர்கள் உங்களிடமும் வருவார்கள். போட்டோவில் ஓடு மெத்தென்று இருப்பது தெரியாது. தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

"முன்னால இருந்த சூப்பர்வைசர மேடம் போன்லயே நிறுத்திட்டாவ" என்றார் மாரியப்பன். "ஒரு பாத்தி செடி போச்சு, அதுக்கு. எம்மவளுக்கு இன்னும் கொஞ்ச நாள்ல பரீட்ச. இப்ப வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்கக்கா போவேன்? புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல கொண்டு சேப்பேன்?" டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க ஒண்ணு செய்யணும். கேட்டா, இது வியாதி, பொறக்கையிலேயே இருந்திருக்குன்னு சொல்லிருங்க. ஆஸ்பத்திரிக்காரவிய சொன்னா நம்புவாவ."

"பாக்கலாம் தம்பி" என்றேன். முடியாது என்று சொல்ல வராதபோதெல்லாம் நான் சொல்வது அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டருக்கு மாட்டு முகாம். "நான் வேணா தோட்டத்துக்குப் போயி ஒரு தடவ பாத்துட்டு வரட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தளி பஸ்ஸில் ஏறிவிட்டேன். பஸ்ஸில் இரண்டு வழியும் யோசித்தேன். வியாதி என்று பொய் சொன்னால் டாக்டர் பெயர் கெடும். சொல்லாவிட்டால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். இதில் எதற்கு அதிகமாகப் பயப்படுவது என்று முடிவாவதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது.

பாலிஹவுஸைப் பார்க்காதவர்கள் உங்களில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். உள்ளே போனால் வேறு ஊர். வெளியே சால்வை போர்த்திக்கொண்டு போன நான் உள்ளே சால்வையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கூரை முழுக்கப் பால் நிற ஷீட்டு. வெளிச்சம் கண் கூசுகிறது. வரிசை வரிசையாகச் சிவப்பு ரோஜா. பக்கத்து ஊர்ப் பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டே மொட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மூலையில் ஆமைக்குஞ்சின் இடம். அதைப் பார்த்ததும் எனக்கு மாரியப்பன் மேல் மரியாதை வந்தது. பூ அடுக்கும் அகலமான பிளாஸ்டிக் டிரேயில் நார்த்தூளும் மண்ணும் கலந்து போட்டு, ஒரு பக்கம் ஈரமாக, ஒரு பக்கம் காய்ந்து இருக்கும்படி வைத்திருந்தார். ஒளிந்துகொள்ள, பாதியாக உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்திருந்தார். தண்ணீருக்கு ஒரு சாசர். மருந்து அடிக்கிற நாளில் டிரேயோடு தூக்கித் தன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவாராம். ஆமைக்குஞ்சு சட்டிக்குள் இருந்தது. வெளியே வர விருப்பமில்லை.

எல்லாம் சரியாக இருந்தது. இருந்தும் ஆமை செத்துக்கொண்டிருந்தது. என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று என் வீட்டுக் கவலையைக் கேட்டேன்.

"எங்க வீட்லயும் ஒரு செவப்பு ரோஜா வெச்சிருக்கேன் தம்பி. வெயில் பட்டா எதழ் ஓரமெல்லாம் கருகிப் போகுது. ஏதோ நோவுன்னு பயந்துட்டேன். இங்க ஒரு பூகூடக் கருகலையே, என்னா மருந்து போடறீங்க?"

மாரியப்பனுக்கு முகம் மலர்ந்தது. ஆமையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த விஷயத்தை யாரும் கேட்டிருக்கவில்லை.

"மருந்தே இல்லக்கா. எல்லாம் இந்த ஷீட்டு. வெயில்ல யூவின்னு ஒரு கதிர் இருக்குல்லா, செவப்பு ரோஜாவக் கருக்குறது அதுதாம். சாதா ஷீட்டுன்னா அதுல கொஞ்சம் உள்ள வந்துரும். இது மேடம் தேடிப் புடிச்சு வாங்கிப் போட்டது. வெளிச்சம் பூராவும் வரும், சூடு வரும். அந்தக் கதிர மட்டும் ஒரு பொட்டு உள்ள..."

நிறுத்திவிட்டார்.

கூரையைப் பார்த்தார். டிரேயைப் பார்த்தார். எனக்கு அந்தக் கதிரைப் பற்றித் தெரியாது. ஆனால் மனுஷன் முகம் இப்படி மாறினால் என்ன அர்த்தம் என்று தெரியும். டாக்டருக்குப் போன் போட்டேன். பின்னால் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. பூ கருகாமல் இருக்க ஒரு கதிரை நிறுத்துகிற ஷீட்டுக்குக் கீழே ஆமையை வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"அதேதான். அந்தக் கதிர்தான் வேணும்" என்றார் டாக்டர். போனை வைத்துவிட்டார். அதை அப்படியே மாரியப்பனிடம் சொன்னேன்.

வெயில் படுகிறதா என்று நாங்கள் கேட்டோம். படுகிறது என்று அவர் சொன்னார். இதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அத்தனை நாள் போயிற்று. நீங்கள் கேட்கும்போது, வெயிலுக்கும் அதன் முதுகுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கண்ணாடியா, ஷீட்டா, திரைச்சீலையா. பதில் ஒன்றுமில்லை என்று வரும்வரை விடாதீர்கள்.

நான் போனைப் பையில் போடுவதற்குள் மாரியப்பன் டிரேயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். மொட்டு வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், "ஏனாய்த்து அண்ணா, என்ன ஆச்சு?" என்று எழுந்தாள். அவர் நிற்கவில்லை. வெளியே சிமென்ட் தரையில், உச்சி வெயிலில், டிரேயைத் தொப்பென்று வைத்தார். மண்சட்டியையும் எடுத்து எறிந்துவிட்டார். இத்தனை நாள் கிடைக்காத வெயிலை ஒரே மூச்சில் கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு.

"தம்பி, நில்லுங்க, நில்லுங்க! செத்துப் போயிடும்!" என்று கத்தினேன்.

"வெயில் வேணும்னு இப்பத்தானக்கா சொன்னிய!"

"வேணும். ஆனா அது நகந்து நிழலுக்குப் போவணுமே? கால இழுத்துகினு எங்க போவும்? பிளாஸ்டிக்கு காயும், சிமென்ட்டு காயும். வெந்துடும் தம்பி."

தைக் குளிரில் நமக்கு இதமாக இருக்கிற வெயில், கைக்குள் அடங்குகிற ஒரு பிராணிக்கு டிரேயில் அடுப்பாகிவிடும். அதற்குள் ஒரு காக்கா வந்து மோட்டார் ரூம் மேல் உட்கார்ந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டிரே மேல் என் சால்வையின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு, பயந்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வராது.

"காக்கா கொத்திடும்."

மாரியப்பன் போய்ப் பழைய கொடிப்பந்தல் கம்பி வலையைக் கொண்டுவந்தார்.

"வலை கண்ணு சின்னதா இருந்தா வெயில மறைச்சிடுமோ?"

அதை வைத்துவிட்டு அகலக் கண் வலையைக் கொண்டுவந்தார்.

"சிமென்ட்டு கூடாது. மருந்து விழாத மண்ணு வேணும்."

வீட்டுக்குப் பின்னால், அவர் பெண்சாதி கொத்தமல்லி போடக் கொத்தி வைத்திருந்த இடத்தைக் காட்டினார். அந்த அம்மா கையிலிருந்த விதைப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நிழலு?"

பச்சை நிழல்வலையை மடித்துப் பாதி இடத்துக்குக் கட்டினார். மண்சட்டியைத் தேடி எடுத்துவந்து நிழல் பக்கம் கவிழ்த்தார்.

"காத்து ஜில்லுன்னு அடிக்குது. சளி புடிக்கும்."

காற்று வருகிற பக்கம் இரண்டு செங்கல் வரிசை. நாய் தோண்டும் என்றேன், வலையின் அடியை மண்ணுக்குள் இறக்கினார். எறும்பு என்றேன், அங்குலம் அங்குலமாகக் குனிந்து பார்த்து, புற்று எதுவும் இல்லை என்றார். சாயங்காலம் குளிருமே என்றேன். வெயில் இறங்குவதற்கு முன் பாலிஹவுஸுக்குள் டிரேக்குக் கொண்டுபோய்விடுவது, காலையில் வெயில் ஏறியதும் இங்கே கொண்டுவருவது என்று தீர்மானமாயிற்று. இன்னும் யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பயம் தீர்ந்துபோயிருந்தது. அப்படி ஒரு நிலைமை எனக்கு வந்ததே இல்லை. முன்னே பார்த்தால் ஆமைக்கு ஒரு வீடு கட்டி முடிந்திருந்தது.

பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பயத்தை மொத்தமாக வைத்துக்கொண்டு நின்றால் கால் நடுங்கும். ஒவ்வொன்றாகச் சொல்லி, கை வேலை தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அது வேலித்தூண் ஆகும்.

ஆமைக்குஞ்சை மண்ணில் விட்டோம். சட்டி வாயில், தலை நிழலிலும் முதுகு வெயிலிலுமாகக் கிடந்தது. அப்போதுதான் கார் வந்தது.

மேடம் சத்தம் போடுகிற ஆள் இல்லை. எனக்கு வணக்கம் சொன்னார். கையில் வெள்ளைத் துண்டு விரித்த ஒரு மூங்கில் கூடை. குனிந்து லட்டுவை எடுத்தார். எடுத்த கையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன மாரியப்பன், ஓடு ஏன் இப்படி இருக்கு? பின்னால பள்ளமா இருக்கே? போட்டோல நல்லா இருந்தானே?"

மாரியப்பன் என்னைப் பார்த்தார். மேடமும் என்னைப் பார்த்தார்.

"டாக்டர் ஊசி போட்டிருக்காருங்க. கால்சியமும் குடுத்திருக்காரு" என்றேன். இரண்டும் உண்மை.

"சரி. இந்த இடம் அவனுக்கு ஒத்துக்கல போல. இந்த ஈரம்தான் காரணமா இருக்கும். நான் கூட்டிட்டுப் போயிடறேன்." துண்டின் மேல் லட்டுவை வைத்தார். "எங்க ஃபிளாட்டுல பால்கனி இருக்கு. காலைலேருந்து மத்தியானம் வரைக்கும் ஃபுல் சன்."

மாரியப்பன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவர் கஷ்டம் மொத்தமும் ஒரு மூங்கில் கூடையில் ஏறிப் பெங்களூருக்குப் போகிறது. எந்தப் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. வீடு நிற்கும், மகள் பரீட்சை எழுதுவாள். சும்மா நின்றால் போதும்.

எனக்குச் சும்மா நிற்க வராது. "பால்கனி திறந்தாப்ல இருக்குதுங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"இல்ல, புறாத் தொல்லை. முழுக்கக் கண்ணாடி போட்டுட்டோம்."

கண்ணாடியும் அந்தக் கதிரை விடாது. நம் ஆஸ்பத்திரி ஜன்னலோரம் வைத்த கிளிக்கூண்டை, கண்ணாடிக்கு உள்ளே வரும் வெயில் போதாது என்று டாக்டர் வெளியே எடுக்கச் சொன்னது எதற்காக என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆமையை இங்கே கெடுத்தது எதுவோ அதற்குள்ளேயே திரும்பக் கொண்டுபோகிறார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் இங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். இங்கே நடந்ததைச் சொன்னால் மாரியப்பன். நான் வாயைத் திறந்தேன். மூடினேன். மேடம் கூடையைத் தூக்கினார்.

"கொண்டுபோகாதிய மேடம்."

மாரியப்பன்தான். குரல் அவருக்கே சரியாக வரவில்லை.

"அங்க கொண்டுபோனா செத்துருவாரு. பால்கனிக் கண்ணாடியும் நம்ம ஷீட்டும் ஒண்ணுதாம். வெளிச்சம் வரும், வேண்டிய கதிர் வராது. நாந்தாம் பாத்திருக்கணும். எனக்கு இந்த ஷீட்டு என்ன செய்யும்னு தெரியும் மேடம். ரோஜாவுக்குன்னா யோசிச்சேன், இவருக்குன்னு யோசிக்கல. எண்ணெயும் தடவினேன், அதனாலதாம் போட்டோல நல்லா இருந்துது. வியாதின்னு சொல்லச் சொல்லி இந்த அக்காகிட்டயும் கேட்டேன். அவிய பாக்கலாம்னு சொன்னாவ."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். என்னுடைய 'பாக்கலாம்' உட்பட.

மேடம் கூடையைக் கீழே வைத்தார். பாலிஹவுஸ் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஷீட்டு நான் செலக்ட் பண்ணினது."

"ஆமா மேடம்."

"வேண்டாம்னு நீங்க சொன்னீங்களா?"

"இல்ல மேடம். நல்ல ஷீட்டு."

"இவனை அதுக்குள்ள வைக்கச் சொன்னதும் நான்தான்."

இதற்கு 'ஆமா மேடம்' என்று சொல்வதில் உள்ள ஆபத்து மாரியப்பனுக்குத் தெரிந்தது. கொத்தமல்லி போட இருந்த மண்ணைப் பார்த்தார். நானும் அதையே பார்த்தேன்.

"எண்ணெய் எதுக்கு?"

"நீங்க ஹார்ட் போட்டிய மேடம்."

மேடம் லட்டுவைக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ஒரு காலிப் பூக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். கைக்குட்டையால் லட்டுவின் முதுகில் இருந்த எண்ணெயைத் துடைத்தார். நிதானமாக, விளிம்பு விளிம்பாக. பிறகு அவரே வலைக்குள் கையை விட்டு, சட்டிக்கு முன்னால் மண்ணில் விட்டார். "இங்கேயே இருக்கட்டும். வெளியில விடற நேரத்துல ஒருத்தர் கூட இருக்கணும். யார் இருப்பாங்க?" என்றார்.

"நானே இருக்கேன் மேடம்."

"நீங்க எப்படி? பிப்ரவரி பூவை யார் பாக்கறது?"

காதலர் தினத்துக்கு முன்னால் ஓசூரில் எந்த முதலாளியும் சூப்பர்வைசரை மாற்ற மாட்டார் என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தத் தேதி தாண்டி, பூ சீசன் முடிந்து, மார்ச்சும் வந்தது. மாரியப்பன் அதே வீட்டில்தான் இருந்தார். மகள் அங்கிருந்தே பரீட்சைக்குப் போனாள். ஆமைக்குக் காவல், கொத்தமல்லி இடத்தைப் பறிகொடுத்த அவர் பெண்சாதி. வலைப் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே பார்த்துக்கொள்வாளாம்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. வெயிலில் விட ஆரம்பித்த பிறகும் கொஞ்ச நாள் அது தின்னவே இல்லை. மாரியப்பன் போன் செய்வார், நான் டாக்டரைக் கேட்பேன், டாக்டர் 'இன்னும் பாக்கலாம்' என்பார். அந்த வார்த்தை மற்றவர் வாயிலிருந்து வந்தால் எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் காலையில் செம்பருத்திப் பூவைக் கடித்தது என்று போன் வந்தது. பூவா, இதழா, எவ்வளவு என்று நான் விசாரித்தேன்.

வெயில் காலம் பிறந்தபின் மாரியப்பன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான்கு காலையும் ஊன்றி மேசை மேல் நடந்தது. மேசை விளிம்புக்கு நான் கையை வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டர் எடை போட்டார், ஓரங்களைத் தொட்டார். கெட்டிப்பட்டிருந்தது. புதிதாக வளர்ந்த ஓரம் நல்ல நிறமாக, சீராக இருந்தது. பின்பக்கத்துப் பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.

"இந்தப் பள்ளம் எப்ப சார் நிமிரும்?" என்றார் மாரியப்பன்.

"நிமிராது. அதோடயே வளந்துக்கும். ஒண்ணும் பண்ணாது."

மாரியப்பன் அந்தப் பள்ளத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

"எத்தன வருசம் சார் இருப்பாரு?"

"ஒழுங்கா பாத்துக்கிட்டா, உங்களுக்கும் எனக்கும் அப்புறமும் இருப்பான். ரொம்பப் பெருசாவும் ஆவான்."

நல்ல செய்திதான். ஆனால் மாரியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியை மூடினார், திறந்தார், காற்று போக ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார், மறுபடி மூடினார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"அப்ப எனக்கப்புறம் யாரு சார் இவர வெயில்ல எடுத்து விடுவா?"

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"அத நான் கவலப்பட்டுக்கறேன் தம்பி" என்றேன். "நீங்க பஸ்ஸப் புடிங்க."